140 கிராமும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும்

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் முடித்துக் கொடுத்த ஒரு கேஸ் போன மாதம் திரும்பி என் ஆபீஸ் வாசலுக்கு வந்தது. அம்மாவும் மகனும். மகனுக்கு இப்போது 26 வயது. சவுதியில் வேலை கிடைத்திருக்கிறது, ஏஜென்ட் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் கேட்கிறார், ஸ்டேஷனில் போய் விசாரித்தால் "உன் மேல் தண்டனை இருக்கே தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய தீர்ப்பு நகலை எடுத்து மேஜையில் வைத்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. "வக்கீலம்மா, அன்னைக்கு ஃபைன் கட்டினா எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேஸ் இதுதான். அவன் அப்போது ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிடித்தார்கள். செய்தித்தாளில் சுற்றிய மூன்று பொட்டலம், மொத்தம் 140 கிராம் கஞ்சா. எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்ததை இப்போதும் பார்க்காமல் சொல்வேன், ஏனென்றால் எல்லா எஃப்.ஐ.ஆரிலும் கிட்டத்தட்ட அதே வரிகள்தான்: ரகசியத் தகவலின் பேரில் ரோந்து சென்றபோது, போலீஸாரைக் கண்டதும் தப்பியோட முயன்றவரை மடக்கிப் பிடித்து, சோதனையிட்டதில் விற்பனைக்காக வைத்திருந்த கஞ்சா. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 8(சி), அதோடு சேர்த்து 20(பி)(2)(ஏ). 19 நாள் கிளைச் சிறை. ஜாமீனுக்கு வீட்டு வரி ரசீதோடு இரண்டு ஷூரிட்டி, அதற்காக அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. வெளியே வந்ததும் தினமும் காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, அதனால் ஷிப்டுக்குப் போக முடியவில்லை, இரண்டாவது வாரமே மில்லில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சார்ஜ் ஷீட் வந்தது. மூன்று வாய்தா போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது என்று அந்த அம்மா புலம்பினார். நான், இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன்: ஒத்துக்கொள்ளட்டும், உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், ஃபைன் கட்டிவிட்டுப் போய்விடலாம். அப்படியே நடந்தது. "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" "ஆமாங்கய்யா." 19 நாள் சிறை, அது ஏற்கெனவே அனுபவித்த காலத்தோடு கழிக்கப்படுகிறது, 3,000 ரூபாய் அபராதம். மொத்தம் பத்து நிமிஷம்கூட இல்லை. அந்த அம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு நான் அடுத்த கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவனிடம் ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. "தம்பி, இது இல்லாமல் உன்னால் இருக்க முடியுமா?" என்று.

போன மாதம்தான் கேட்டேன். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். 17 வயதிலிருந்து என்றான். ஒரு நாள் விட்டால் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றும் என்றான். ஜெயிலில் முதல் நாலு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தானாம். அப்புறம் வெளியே வந்து மறுபடி ஆரம்பித்து, இரண்டு வருஷம் கழித்து மாமா ஒருத்தர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, இப்போது விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 39 என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் உபயோகித்ததற்காகவோ, அல்லது சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகவோ குற்றவாளி என்று முடிவானால், கோர்ட் அவரை உடனே சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. அவருடைய வயது, குணம், முந்தைய நடத்தை, உடல்நிலை, மனநிலை இதையெல்லாம் பார்த்து, அவர் சம்மதத்தோடு, அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுக்கச் சொல்லிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். ஒரு வருஷத்துக்குள் சிகிச்சை அறிக்கையோடு வர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், மூன்று வருஷம் வரைக்கும் இந்தத் தப்புக்குப் போக மாட்டேன் என்று இன்னொரு பத்திரம், ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். கஞ்சாவில் சிறிய அளவு என்பது 1 கிலோ வரை. இவனிடம் இருந்தது 140 கிராம்.

அதாவது அவனுக்கு ஒரு வாசல் இருந்தது. நீதிபதிக்கு அதைத் திறக்க அதிகாரம் இருந்தது. மனு போட வேண்டியது நான். அவனுக்குப் பழக்கம் எவ்வளவு தூரம் என்பதே தெரியாமல் அவனை நான் கூண்டில் நிறுத்தினேன். நான் மட்டும் இல்லை, என்னைச் சுற்றி இந்த மாதிரிக் கேஸ் நடத்துகிற யாரும் 39-ல் மனு போட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

சரி, அடிமை இல்லை, எப்போதாவது கூட்டாளிகளோடு சேர்ந்து இழுக்கிறவன் என்றால்? அவனுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை, இதுதான் எனக்கு இன்னும் நெஞ்சை அறுக்கிற விஷயம். மற்றக் குற்றங்களுக்கு 1958-ல் வந்த நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. தூக்கோ ஆயுளோ விதிக்க முடியாத எந்தக் குற்றமாக இருந்தாலும், சூழ்நிலையைப் பார்த்து, தண்டனை கொடுக்காமல் நன்னடத்தைப் பத்திரத்தின் பேரில் விடலாம். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், யார் கூட இருக்கிறான், என்ன வேலை, வீட்டில் யார் சொன்னால் கேட்பான் என்று எழுதிக் கொடுப்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு. அப்படி விடப்பட்டவருக்கு, குற்றவாளி என்று முடிவானதால் வருகிற தகுதியிழப்பு எதுவும் ஒட்டக் கூடாது என்று சொல்கிறது. நாளைக்கு ஒரு வேலைக்குப் போகிற பையனுக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு, 19 நாள் சிறைவாசத்தைக் கழிப்பதைவிடப் பல மடங்கு.

போதைப்பொருள் சட்டத்தின் 33-வது பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது. 18 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் 26, 27 ஆகிய பிரிவுகளில் வரும் குற்றமாக இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு நன்னடத்தைச் சட்டம் கிடையாது. பைக் திருடினால் மூன்று வருஷம் வரை தண்டனை, ஆனால் முதல் தடவை என்றால் நன்னடத்தையில் விடக் கேட்கலாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவை செய்யச் சொல்லி விட்டுவிடலாம் என்றே எழுதிவிட்டார்கள். 100 கிராம் கஞ்சாவுக்கு அதிகபட்சத் தண்டனையே ஒரு வருஷம்தான், ஆனால் 19 வயதுப் பையனுக்கு நன்னடத்தை கேட்க வழி இல்லை. அடுத்தவன் பொருளில் கை வைத்தவனைவிட, தன் உடம்பையே கெடுத்துக்கொண்டவனிடம் சட்டம் கூடுதல் கடுமை காட்டுகிறது. இதை எந்த விதத்தில் நியாயம் என்று சொல்வது?

இதில் 27-ஐ கவனியுங்கள். அது உபயோகிப்பதற்கான பிரிவு. கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரை. அதில் தண்டனை வந்தால் நன்னடத்தை கேட்கலாம், 33 தடுக்காது. ஆக ஒரே பையன், ஒரே இடம், ஒரே பொட்டலம். எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவர் "புகைத்துக்கொண்டிருந்தார்" என்று எழுதினால் ஒரு வாழ்க்கை, "விற்பனைக்காக வைத்திருந்தார்" என்று எழுதினால் வேறு வாழ்க்கை. அந்த வாக்கியம் ராத்திரி 11 மணிக்கு ஒரு ஸ்டேஷன் ரைட்டர் கையில் இருக்கிறது. கோர்ட்டில் அதை யாரும் சோதிப்பதில்லை, ஏனென்றால் கேஸ் விசாரணைக்கே போவதில்லை, பையன் ஒத்துக்கொண்டுவிடுகிறான். என் கட்சிக்காரப் பையன் ஒத்துக்கொண்ட மாதிரி.

ஹெராயின் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். சிறிய அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம், வணிக அளவைத் தாண்டினால் குறைந்தபட்சம் 10 வருஷம். தெருவில் கிடைக்கிற பவுடரில் சரக்கு கொஞ்சம், கலப்படம் நிறைய. 2020-ல் ஹீரா சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கலப்படத்தையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. நாலு கிராம் சரக்கு 300 கிராம் மாவில் கலந்திருந்தால் அவர் பெரிய வியாபாரி. கலப்படத்தோடுதான் அது விற்பனை ஆகிறது, அதுவே ஆபத்து என்பது கோர்ட்டின் வாதம். அதில் ஒரு பொருத்தம் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொட்டலங்களோடு பிடிபட்டு வருகிறவர்களில் நான் பார்த்த முகங்கள் வியாபாரிகளின் முகங்கள் இல்லை. தன் டோஸுக்காக நாலு பேருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள்தான் அவர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஏற்கெனவே தண்டனை வாங்கியவர்களின் கதை. சட்டம் திருந்தினாலும் அவர்கள் தண்டனை திருந்துவதில்லை. 1985 சட்டம் அளவைப் பெரிதாகப் பார்க்கவில்லை. உபயோகத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்று தானே நிரூபிக்க முடியாதவர் சில கிராம் ஹெராயினுக்கும் 10 வருஷம் போக வேண்டியிருந்தது. அது அநியாயம் என்று பார்லிமென்டே உணர்ந்துதான் 2001-ல் சிறிய அளவு, நடுத்தர அளவு, வணிக அளவு என்று பிரித்துத் தண்டனையைத் தரம் பிரித்தது. அக்டோபர் 2 முதல் அமல். விசாரணையில் இருந்த வழக்குகளுக்கெல்லாம் புதிய சட்டம் பொருந்தும் என்று எழுதினார்கள். கூடவே ஒரு விதிவிலக்கு: அப்பீலில் இருக்கும் வழக்குகளுக்குப் பொருந்தாது.

யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே அளவோடு பிடிபட்ட இரண்டு பேர். ஒருவருடைய கேஸ் மெதுவாக நகர்ந்து 2001 அக்டோபரில் இன்னும் கீழ்க்கோர்ட்டில் இருக்கிறது, அவருக்கு மாதக் கணக்கில் தண்டனை. இன்னொருவருடைய கேஸ் வேகமாக முடிந்து, 10 வருஷம் விழுந்து, அப்பீலில் நிற்கிறது, அவருக்கு அந்தப் பத்தும் அப்படியே. கேரளாவைச் சேர்ந்த பஷீர் என்பவரின் வழக்கில் இது 2004-ல் சுப்ரீம் கோர்ட் வரை போனது. விதிவிலக்கு செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. அப்பீல்களையும் சேர்த்தால் வழக்குகளை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டி வரும், தாமதம் இன்னும் கூடும் என்பது காரணம். நிர்வாக ரீதியில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது ஆள் உள்ளே உட்கார்ந்து எண்ணிய ஒவ்வொரு நாளும், அரசாங்கமே அதிகம் என்று ஒத்துக்கொண்ட தண்டனையின் நாள்.

வேறு வழி இருந்திருக்குமா என்றால், தண்டனைக் குறைப்பு என்று அரசாங்கத்தின் கையில் ஒரு அதிகாரம் பொதுவாக உண்டு. 1989-ல் அமலுக்கு வந்த திருத்தத்தில் 32ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து அதையும் எடுத்துவிட்டார்கள். 27-ல் தண்டனை பெற்றவர்களைத் தவிர யாருக்கும் தண்டனை நிறுத்திவைப்பும் குறைப்பும் கிடையாது என்றார்கள். 2000-ல் தாது என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் பாதியை உடைத்தது. அப்பீல் கோர்ட் தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்றது. ஆனால் அரசாங்கம் குறைக்கக் கூடாது என்ற பகுதி அப்படியே நிலைத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஜனாதிபதியும் ஆளுநரும் அரசியல் சாசனத்தின் 72, 161 பிரிவுகளில் காட்டும் கருணை மட்டும்தான். கஞ்சா கேஸ்காரருக்கு யார் அங்கே மனு எழுதிக் கொடுப்பார்கள்?

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. கலிஃபோர்னியாவில் 2000-ல் மக்கள் ஓட்டெடுப்பு நடத்தி, வன்முறை இல்லாமல் வெறுமனே போதைப்பொருள் வைத்திருந்து பிடிபட்டவர்களை முதல் இரண்டு தடவை சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையும் சிகிச்சையும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2014-ல் இன்னொரு ஓட்டெடுப்பில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைச் சிறு குற்றமாக மாற்றினார்கள். அதில் எனக்குப் பிடித்தது, ஏற்கெனவே பழைய சட்டப்படி உள்ளே இருப்பவர்களும் மனு போட்டுப் புதிய கணக்கில் தண்டனையை மாற்றிக் கேட்கலாம், தண்டனையை முடித்து வெளியே போனவர்களும் பதிவை மாற்றக் கேட்கலாம் என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தது. 2024-ல் மறுபடி ஓட்டுப் போட்டு, திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களுக்குக் கொஞ்சம் இறுக்கினார்கள் என்பதும் உண்மை. அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் பழைய தண்டனையை எடுத்து மறுபடி பார்ப்பது என்பதைச் சட்டத்தின் வேலையாக ஒரு ஊர் ஏற்றுக்கொண்டது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம்மிடமும் பேச்சு வந்தது. 2021-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம், சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருப்பவர்களைக் குற்றவாளியாக நடத்த வேண்டாம், சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தபோது, இனி வேறு மாதிரி இருக்கும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அந்த டிசம்பரில் பார்லிமென்டில் திருத்த மசோதாவும் வந்தது. 2014 திருத்தத்தில் நேர்ந்த ஒரு எழுத்துப் பிழையால் 27ஏ பிரிவு தப்பான உட்பிரிவைச் சுட்டிக்கொண்டிருந்தது, அதைச் சரி செய்தார்கள். 33-ஐ யாரும் தொடவில்லை. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

இதைப் படிக்கிற சிலர், ஸ்கூல் வாசலில் கஞ்சா விற்கிறவனுக்கும் இரக்கமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். மகனைக் கஞ்சாவுக்குப் பறிகொடுத்த தாய்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒருவர் என்னிடமே "அவனை உள்ளயே வச்சிருங்க, வீட்டுக்கு வந்தா எங்களை அடிக்கிறான்" என்று கும்பிட்டார். பிள்ளைகளிடம் விற்கிறவனுக்கு நான் நன்னடத்தை கேட்கவில்லை. 20 கிலோவும் 200 கிலோவும் லாரியில் வருகிற கேஸ்களைப் பற்றியும் பேசவில்லை. எய்ம்ஸ் டாக்டர்கள் மத்திய அரசுக்காக எடுத்து 2019-ல் வெளியான கணக்கெடுப்பில், கஞ்சாவோ அதன் பிசினான சரஸோ உபயோகித்தவர்கள் மட்டும் நாட்டில் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர் என்று வந்தது. அத்தனை பேரையும் கிளைச் சிறையில் வைத்துத் திருத்த முடியாது. என்னைக் கும்பிட்ட அந்தத் தாயின் மகனையும் சிறை திருத்தவில்லை. மூன்று தடவை உள்ளே போய் வந்தவன், ஒவ்வொரு தடவையும் உள்ளே பழகிய புதுச் சிநேகிதர்களோடு வந்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். 33-ல் சிறிய அளவுக் குற்றங்களையும் விதிவிலக்கில் சேருங்கள். நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவு தருகிற அந்தப் பாதுகாப்பை 39-லும் எழுதுங்கள், இப்போது அந்த வாசகம் அங்கே இல்லை. ஒத்துக்கொண்டு தண்டனை வாங்கிய பழைய சிறிய அளவுக் கேஸ்களை, மனு வந்தால் எடுத்துப் பார்க்க ஒரு வழி கொடுங்கள்.

அந்தச் சவுதிப் பையன் வந்து போன பிறகு என் மேஜையில் இருந்த இன்னொரு கட்டை எடுத்தேன். காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குகிற பையன், 20 வயது, 90 கிராம். அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "காலையில கை நடுங்கும்க்கா" என்றான். 39-ல் மனு போட்டேன். நீதிபதி சட்டப் புத்தகத்தை வாங்கி, பிரிவை முழுசாக ஒரு தடவை வாசித்தார், அப்புறம் மேலே போய் இன்னொரு தடவை வாசித்தார். அரசுத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவிலிருந்து அறிக்கை கேட்டு உத்தரவு போட்டார். பையன் இப்போது ஓ.பி. சீட்டுகளை ஒரு மஞ்சப்பையில் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் பையனுக்கு வழி மிகக் குறுகல். ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர் தண்டனையின் அளவு பற்றியோ அது சட்டப்படி சரியா என்பது பற்றியோ மட்டும்தான் அப்பீல் போக முடியும், அதற்கும் 30 நாள் கெடு. ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போட்டுப் பார்க்கலாம் என்று மதுரைக் கிளையில் இருக்கும் ஒரு தோழியிடம் பேசினேன். நாலு வருஷத் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனியாக ஒரு அபிடவிட் வேண்டும் என்றாள். பையனையும் அம்மாவையும் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல என் ஜூனியர் டைப் அடித்தாள். மனுதாரர் போதைப் பழக்கத்துக்கு அடிமையாக இருந்தது குறித்து அவருடைய வழக்கறிஞர் அவரிடம் விசாரிக்கவில்லை, 39-வது பிரிவு பற்றியும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

டைப் அடித்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அதை எடுத்துருங்க வக்கீலம்மா, உங்களுக்கு ஏதாச்சும் ஆகிடப் போகுது" என்றார்.

எடுக்கவில்லை. கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன்.